யுகேந்திரனுக்கு நிலம் இருக்கிறது

பினாங்குத் தீவில் யுகேந்திரன் கை படாத நிலம் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அவர் பிழைப்பே அதுதான். ஜார்ஜ் டவுனில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியாக இருந்து நடத்தும் சர்வே ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேலாக எல்லைக்கல் நடுகிறவர். சர்வேயர் முக்காலிக் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவார். யுகேந்திரன் பாராங் கத்தியால் புதரை வெட்டி, காட்டிய இடத்தில் குழி தோண்டி, கல்லை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்குவார். கல் நின்றுவிட்டால் இந்தப் பக்கம் ஒருவனுடையது, அந்தப் பக்கம் இன்னொருவனுடையது. அப்படி அவர் பிரித்துக் கொடுத்த மண்ணில் இன்று மாடி வீடுகளும் தொழிற்சாலைகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. அவர் பெயரில் மட்டும் ஒரு செடி வைக்கிற அளவுக்குக்கூட மண் கிடையாது.

யாராவது இதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் மனிதருக்குச் சுள்ளென்று வரும். "ஆமா, பேங்குல காசு எண்றவன் எல்லாம் கோடீஸ்வரனா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார். அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அப்படி அரித்துக்கொண்டிருந்தது.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது அவருடைய சிற்றூர், அங்கத்துப் பேச்சில் கம்பம். வீட்டுக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் வாழையும் பண்டான் செடியும். வீட்டைக் கட்டியது அவருடைய அப்பா. மேட்டை வெட்டிச் சமமாக்கியதும் அவர்தான், மழைத் தண்ணீர் இறங்கக் கால்வாய் எடுத்ததும் அவர்தான். ஆனால் வீடுதான் அவர்களுடையது. வீடு நிற்கிற நிலம் டவுனில் இருந்த ஒரு பெரிய குடும்பத்துடையது. அதற்கு மாதா மாதம் நில வாடகை கட்ட வேண்டும். பினாங்கில் இப்படி வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கூரை நம்முடையது, தரை அடுத்தவனுடையது. இதில் என்ன வசதி என்றால், ஒரு ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. என்ன கஷ்டம் என்றால், அந்த ஆணியோடு சேர்த்து நம்மை எப்போது பிடுங்குவார்கள் என்று தெரியாது.

இத்தனை வருடம் கல் நட்டதில் யுகேந்திரனுக்கு ஒரு கொள்கை உண்டாகியிருந்தது. நிலம் காட்டை வெட்டினவனுக்கும் இல்லை, அதில் பிறந்து வளர்ந்தவனுக்கும் இல்லை. முதலில் கல் நட்டவன் எவனோ அவனுக்கு. மற்ற நியாயமெல்லாம் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். சாம்ராஜ்யம் கட்டியவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளில் சொன்னதை நம்மாள் பாராங் கத்தியும் கடப்பாரையுமாக அலைந்து தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

இதை அவருக்குப் புரிய வைத்த இடம் பாலிக் பூலாவ். அங்கே காமாரியா என்றொரு பெண்மணி டுரியான் தோப்புக்கு நடுவில் தனியாக இருந்தார். அப்பா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், அம்மா அந்தக் கம்பத்து மலாய்க்காரி. சர்வேயரின் பிளானில் அந்த இடம் வெற்று நிலம் என்றுதான் இருந்தது. கோடு அவருடைய அடுப்படி வழியாகப் போனது. யுகேந்திரன் வழக்கம்போல முதலில் ஒரு மரத்தடியில் வெற்றிலையும் சுருட்டும் வைத்து, சாம்பிராணி போட்டு, அந்த மண்ணின் காவல் தெய்வமான டத்தோவிடம் அனுமதி கேட்டார். புது நிலத்தில் டத்தோவைக் கேட்காமல் குழி தோண்டினால் கை கால் விளங்காது என்பது தவுக்கே முதல் கூலியாள் வரை எல்லோரும் நம்புகிற விஷயம். சீனராக இருந்தாலும் தமிழராக இருந்தாலும் அதில் வித்தியாசமில்லை.

காமாரியா காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். "வா தம்பி, குடிச்சிட்டுத் தோண்டு. பிளான்ல என் வீட்டக் காட்டலயா?"

"இல்லம்மா. மலாய்ல 'தானா கோசோங்'னு, வெறும் நெலம்னு போட்டிருக்கு."

"கோசோங்கா? நான் இங்கதானே நிக்கிறேன்?"

யுகேந்திரன் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அடுப்படி ஓரத்தில் கல்லை நட்டார். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வீடும் இல்லை, தோப்பும் இல்லை. இரண்டு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது இரக்கம் அல்ல, பயம். அந்த அம்மாவிடம் எல்லாம் இருந்தது. மரம் இருந்தது, கிணறு இருந்தது, புதைகுழியில் அப்பா அம்மா இருந்தார்கள். கல் ஒன்றுதான் இல்லை. தன்னிடமும் அது இல்லை.

அவர் பயந்தது நடந்தது. டவுனில் இருந்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் போய் உட்கார்ந்துகொண்டு, தாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத மேட்டுக் கம்பத்தை ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். நிறுவனத்துக்காரர்கள் வந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் கட்டி முடியப் போகிற அடுக்குமாடியில் வீட்டுக்கொரு ஃபிளாட். வேண்டாம் என்றால் ரொக்கம். எது வேண்டும் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். வேறு பேச்சு இல்லை.

யுகேந்திரனின் மனைவி புஷ்பவள்ளி இந்தச் செய்தியைக் கேட்டு அழுதார், மறுநாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்ற பெண்களோடு மாதிரி ஃபிளாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பள்ளிக்கூடக் கேன்டீனில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். ஃபிளாட்டில் மழைக்குப் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. "சின்னதுதாங்க. ஆனா சாமி மேடை வைக்க ஒரு மூலை இருக்கு. சன்னல் தொறந்தா காத்து அள்ளிட்டுப் போகுது" என்று திரும்பி வந்து சொன்னார். யுகேந்திரன் உம் கொட்டினார். ஃபிளாட் என்பது ஆகாயத்தில் தொங்குகிற பெட்டி, அதற்கு ஏது மண் என்பது அவருடைய எண்ணம்.

அதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. கம்பத்து நிலத்தை அளந்து துண்டு போடுகிற வேலை இவருடைய சர்வே ஆபீசுக்கே வந்துவிட்டது. தவுக்கே நல்ல மனிதர். "நீ வேணும்னா லீவு போடு, வேற ஆள அனுப்புறேன்" என்றார். வேறு யாராக இருந்தாலும் லீவு போட்டிருப்பார்கள். யுகேந்திரன் போடவில்லை. யாரோ ஒருவன் வந்து தன் அப்பா வெட்டிய மேட்டில் கோணல்மாணலாகத் தோண்டுவதைவிடத் தானே தோண்டுவது மேல் என்று அவருக்குத் தோன்றியது. தொழில் மேல் இருந்த கர்வம் அது. அந்தக் கர்வத்தை நினைத்தால் நமக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

காலையில் கடப்பாரையோடு சொந்தக் கம்பத்துக்குள் வேலைக்காரராக நுழைந்தார். எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வழக்கத்தை விடாமல் அரசமரத்தடியில் வெற்றிலை வைத்துச் சாம்பிராணி போட்டார். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி, கூடப்பிறந்தவள் மாதிரிப் பழகியவள், வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டத்தோகிட்ட கேட்டியே அண்ணே, எங்ககிட்ட கேட்டியா?"

"நான் என்னம்மா செய்யட்டும், நான் நடலேன்னா வேற ஒருத்தன் நடுவான்."

"நடட்டுமே. அவன் மூஞ்சியில காறித் துப்பியிருப்போம். உன் மூஞ்சியில எப்பிடி அண்ணே துப்புறது?"

அவர் கடப்பாரையை எடுத்தார். ஒரு கல் லோகேஸ்வரியின் குளியலறைக்குப் பின்னால் விழுந்தது. இன்னொன்று அவர் வீட்டு வாழைமரத்துக்குக் கீழே. அதற்குப் பிறகு கம்பத்தில் யாரும் அவரைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. சாவடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். எத்தனையோ பேருடைய அடுப்படியில் கல் நட்டிருந்தாலும் அவர்களோடெல்லாம் மறுநாள் வாழ வேண்டியிருந்ததில்லை. இது அவருக்குப் புதிய தண்டனை.

இந்த நேரம் பார்த்துத்தான் மோகனராஜ் வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை, செபராங் ஜெயாவில் ஒரு ஹோட்டல் மண்டபம், குளிர்சாதனம், இலவசப் பிரியாணி. கூட வேலை பார்க்கும் ஒருவர் பிரியாணி ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போனார். கோட்டும் சூட்டுமாக, வாய் நிறையச் சிரிப்பாக மேடையில் நின்றான் மோகனராஜ். அவனுக்குப் பின்னால் திரையில் ஓர் ஓவியம். பாய்மரக் கப்பல், கொடி, கடற்கரை.

"இது எந்த ஊரு தெரியுதா? நம்ம பினாங்குதான். வெள்ளக்காரக் கம்பெனிக்காரன் கப்பல்ல வந்து எறங்குறான். கொடி நடுறான். இங்க யாரும் இல்ல, வெறும் காடுன்னு எழுதி அனுப்புறான். முடிஞ்சிச்சு லா. காட்ட வெட்ட ஆளு வேணும், என்ன செஞ்சான்? பீரங்கியில வெள்ளிக் காசப் போட்டுக் காட்டுக்குள்ள சுட்டான்னு கதை சொல்வாங்க. காசப் பொறுக்க ஓடினவன் காட்ட வெட்டினான். வெட்டினவன் பேரு யாருக்காவது தெரியுமா? நெலம் யாரு பேர்ல போச்சு?"

யுகேந்திரனுக்கு இருக்கையில் உட்கார முடியவில்லை. கையைத் தூக்கினார். "யாரும் இல்லாம இல்லயே தம்பி. கப்பல் வரதுக்கு முந்தியே இங்க கம்பத்துக்காரங்க இருந்தாங்க."

மோகனராஜ் கொஞ்சமும் அசரவில்லை. "இருந்தாங்கண்ணே. கல்லு நட்டிருந்தாங்களா?"

மண்டபமே சிரித்தது. யுகேந்திரன் சிரிக்கவில்லை. முப்பது வருடமாக மண்டைக்குள் இருந்த தன்னுடைய கொள்கையை, தன்னைவிடப் பாதி வயதுள்ள ஒருவன் மைக்கில் சொல்கிறான். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

திரையில் படம் மாறியது. நிலா. அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள். "இப்ப ராக்கெட் விடுறவன் யாருண்ணே? அதே மாதிரி ஆளுங்கதான், அதே மாதிரி கம்பெனிதான். புது உலகம்ங்கிறான், மனுச இனத்தோட எதிர்காலம்ங்கிறான். வேற ஒண்ணும் இல்ல, மனை லாட் புடிக்கிறான். உங்க தாத்தா நூறு வருசம் லேட்டா வந்தாரு, அதான் நீங்க இன்னும் வாடகை கட்டுறீங்க. இந்தத் தடவையும் லேட்டாப் போவீங்களா?"

பின்வரிசையில் யாரோ விவரம் தெரிந்தவர் எழுந்து, நிலா யாருக்கும் சொந்தமில்லை என்று உலக ஒப்பந்தம் இருக்கிறதே என்றார். மோகனராஜுக்கு இந்தக் கேள்வி வெல்லம். "எந்த நாட்டுக்கும் சொந்தமில்லன்னுதான் அண்ணே இருக்கு. தனி ஆளு வாங்கக் கூடாதுன்னு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கூட்டத்தில் யுகேந்திரனை மட்டும் பார்ப்பதுபோல் சொன்னான். "இன்னொன்னு சொல்றேன். அங்க நெசமாவே யாரும் இல்ல. யார் வீட்டையும் இடிக்க வேணாம். யார் வயித்தெரிச்சலும் வேணாம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் யுகேந்திரன் விழுந்தார். பேராசை பிடித்து விழுந்தார் என்று கம்பத்தில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. யாருடைய அடுப்படி வழியாகவும் கோடு போகாத ஒரு நிலம். காப்பி கொடுத்துவிட்டு நிற்க ஒரு காமாரியா இல்லாத நிலம், வேலியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க லோகேஸ்வரி இல்லாத நிலம். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். உலகத்துக்கு வெளியே இருக்கலாம் அல்லவா? இருக்கும் என்று நம்ப அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, பாவம்.

கையெழுத்துப் போடக் கடைசி நாளில் வீடமைப்பு நிறுவனத்தின் ஆபீசுக்குத் தனியாகப் போனார். கம்பம் முழுக்க ஃபிளாட் என்று போட்டிருக்க, இவர் ஒருவர்தான் ரொக்கம் என்று போட்டார். வீடு அவர் பெயரில் இருந்ததால் புஷ்பவள்ளியின் கையெழுத்து தேவைப்படவில்லை. ரொக்கம் முழுவதும் மோகனராஜிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்தவை நிலாவின் முன்பக்கத்தில், அமைதிக் கடல் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிற கரும்பகுதியின் ஓரத்தில், அடுத்தடுத்து ஒட்டிய லாட்டுகள். மூலை மனை என்று மோகனராஜ் சிறப்பாகச் சொன்னான்.

புஷ்பவள்ளிக்கு எதுவும் தெரியாது. பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி குடும்பத்துக்குச் சாவி வந்த அன்று சாயங்காலம் கேட்டார்.

"எல்லாருக்கும் சாவி வந்திருச்சு. நமக்கு எப்பங்க?"

யுகேந்திரன் அவரைப் பின்வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். மலைக்கு மேலே வெளிச்சம் போகாத வானத்தில் நிலா ஏறியிருந்தது. சுட்டுவிரலை நீட்டினார். "அந்தா கறுப்பா இருக்கு பாரு, அதுக்குச் சோத்துக்கை பக்கம். அந்த ஓரம் பூரா நம்மளுது, புஷ்பா. பத்திரத்துல பேரு போட்டிருக்கு."

புஷ்பவள்ளி முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை, மாரடித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய்க் கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க கொழாயில தண்ணி வருமா?"

சண்டை போட்டிருந்தாலாவது யுகேந்திரன் எதிர்ச் சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பார். இந்தக் கேள்விக்கு என்ன சண்டை போடுவது? பத்து வருடம் கழித்து விலை எங்கே போய் நிற்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார். புஷ்பவள்ளி எழுந்து போய், சுற்றி வைத்த பாத்திரங்களில் சமைப்பதற்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்தார்.

கம்பத்தை இடித்தபோது அவர்கள் அக்கரையில், பாகான் டாலாமில் புஷ்பவள்ளியின் தங்கை வீட்டில் இருந்தார்கள். தங்கை புருஷன் கெட்டவனில்லை. ஆனால் அந்த வீட்டில் ஏற்கனவே ஆள் அதிகம். இவர்களுக்குக் கிடைத்தது கூடத்தில் டிவிக்கு எதிரே பாய் விரிக்கிற இடம். வீட்டார் டிவியை நிறுத்தும் வரை தூங்க முடியாது, எழுந்து காப்பி கலக்கும்போது தூங்கிக்கொண்டிருக்கவும் முடியாது. ஒரே மகன் சிங்கப்பூரில் நான்கைந்து பேரோடு ஓர் அறையில் இருப்பவன். அவனைக் கேட்டுப் பயனில்லை. புஷ்பவள்ளி தங்கை வீட்டு வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். சொந்தத் தங்கை வீட்டில் அவர் வேலைக்காரியாகிப் போனதை யுகேந்திரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் ஃபெரி ஏறித் தீவுக்கு வேலைக்குப் போனார், யாருடையதோ நிலத்தில் கல் நட்டார், திரும்பி வந்தார். நிலா தெரிகிற நாட்களில் ஃபெரியில் வெளியே நின்று அந்தக் கறுப்பு ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்த நேரம் மட்டும் அவர் யார் வீட்டுக் கூடத்திலும் படுப்பவரில்லை, நிலக்காரர்.

ஒரு நாள் மோகனராஜ் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு சின்ன விசயம். வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒண்ணு உங்க லாட் இருக்கிற ஏரியாவுல மிசின் எறக்கப் போறான். தோண்டி எடுக்கப் போறானாம். அவன்கூட நாம மல்லுக்கட்ட முடியாது லா. அதனால நம்ம ஆளுங்க எல்லாருக்கும் மாத்து லாட் தராங்க. அதே சைசு. ஒண்ணும் நஷ்டமில்ல."

"எங்க?"

"மறுபக்கத்துல."

"மறுபக்கம்னா?"

"நிலாவோட பின்பக்கம் அண்ணே. இங்கேர்ந்து பாத்தாத் தெரியாது. அந்தப் பக்கம் எப்பவுமே பூமியப் பாத்துத் திரும்பாதாம். அதனால என்ன, நெலம் நெலந்தானே?"

யுகேந்திரன் போனைக் காதில் வைத்தபடி நின்றார். மரியாதையான குரல், மாற்று இடம், அதே அளவு, நஷ்டமில்லை. கம்பத்துக்கு வந்து பேசிய நிறுவனத்துக்காரர்களும் இதையேதான், இதே இனிப்போடுதான் சொன்னார்கள். நிலாவிலிருந்துகூட ஒரு மனிதனைக் காலி செய்ய முடியும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. ஏமாந்துவிட்டோம் என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. முட்டாள் அல்ல அவர். தெரிந்தும், "சரி, மாத்திக் குடு" என்றார். வேண்டாம் என்று சொன்னால் அதுவும் இல்லாமல் போய்விடும்.

மாத்து லாட் வந்ததா வரவில்லையா என்பது அவருக்கே தெரியாது. அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை. செபராங் ஜெயாவில் அவர்களுடைய ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியர் இருக்கிறார். ஃபெரியில் யுகேந்திரன் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார்.

இதற்கிடையில் புஷ்பவள்ளி சும்மா இருக்கவில்லை. ஏழைகளுக்கு அரசாங்கம் குறைந்த வாடகைக்கு விடுகிற ஃபிளாட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். கேன்டீனில் ஒரு டீச்சரைப் பிடித்து, அவர் சொன்ன ஆளைப் பிடித்து, லீவு போட்டு லீவு போட்டு அலைந்தார். தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற கூடத்தில் இனி பாய் விரிக்க முடியாது என்பதைத் தங்கை அழுதுகொண்டேதான் சொன்னார். அந்த வாரமே ஃபிளாட் விஷயமாக நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஆயுள் முழுவதும் சாமியிடம் எதுவும் பெரிதாகக் கேட்டிராத புஷ்பவள்ளி அன்று தேங்காய் உடைத்தார். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டார். யுகேந்திரனுக்கும் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார்.

கவுண்டரில் ஷாஹிரா என்ற இளம்பெண் இருந்தாள். நம் ஊர்த் தமிழ் முஸ்லிம் பெண். இவர்கள் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். வருமானம், வயது, எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுக் கணினியில் தட்டினாள். எல்லாம் சரியாக வந்தது. "ஒரு வீடு காலியா இருக்கு ஆன்ட்டி. அஞ்சாவது மாடி, பரவாயில்லயா?" என்றாள். புஷ்பவள்ளி வேகமாகத் தலையை ஆட்டினார்.

"கடைசியா ஒண்ணு, இது எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். அங்கிள், உங்க பேர்ல எங்கயாவது நெலமோ வீடோ இருக்கா?" கேட்கும்போதே அவள் விரல் இல்லை என்பதைத் தட்டப் போயிருந்தது.

இல்லை. ஒரு சொல். யுகேந்திரனுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஐந்தாவது மாடி, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். ஆனால் இல்லை என்று தன் வாயால் சொன்னால், சொந்தக் கம்பத்தில் கடப்பாரையைப் போட்டது எதற்காக? புஷ்பாவுக்கு வந்த ஃபிளாட்டை வேண்டாமென்றது எதற்காக? எல்லாம் வெறுங்கைக்காக என்றாகிவிடும். இத்தனை பேர் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்ட ஒரே ஒரு பாடமும் பொய் என்றாகிவிடும். வீடில்லாமல் இருக்க அவரால் முடியும் போலிருந்தது. அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"இருக்கு" என்றார்.

ஷாஹிராவின் விரல் நின்றது. புஷ்பவள்ளி பதறிப்போய்க் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா, இல்ல! அவரு சும்மா சொல்றாரு. அது நிலாவுல. யாரோ ஏமாத்தி வித்துட்டுப் போயிட்டான். எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, ஒரு குழி மண்ணு கூட இல்ல."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காக அவளைக் கும்பிட வேண்டும். கணினியில் மறுபடி பார்த்தாள். "உங்க பேர்ல ஒண்ணும் காட்டல அங்கிள். ஆனா நீங்களே இருக்குன்னு சொன்னா நான் அப்பிடித்தான் எழுதணும். அப்புறம் இந்த வீடு கெடைக்காது. இல்லன்னு போட்டுடவா?" எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

யுகேந்திரன் புஷ்பவள்ளியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாறியிருப்பார் என்று அவருக்கே தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை.

"இருக்கும்மா" என்றார். "இருக்குன்னே போடுங்க."

அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். புஷ்பவள்ளி எழுந்திருப்பதற்குள் அந்த ஆள் வந்து அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.